கேட்டுச்சொல்றேன் காருக்கு ஆயில் மாற்றிய கதை

பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் பத்திரமாக இருந்தது. ஆபீஸிலும் தெருவிலும் மாமனார் வீட்டிலும் அவருக்கு ‘கேட்டுச்சொல்றேன்’ என்றுதான் பெயர். பதிவு ஆபீஸில் பழைய ஆவண அறையைப் பார்த்துக்கொள்ளும் குமாஸ்தா. ஜன்னலைத் திறக்கலாமா என்று யாராவது கேட்டால்கூட ஜன்னலைப் பார்ப்பார், கேட்டவரைப் பார்ப்பார், பிறகு “கேட்டுச் சொல்றேன்” என்பார். யாரிடம் கேட்கப்போகிறார் என்பது அந்த நேரத்தில் அவருக்கே தெரியாது. ஆனால் கேட்டுவிடுவார். ஒருவரிடம் மட்டும் கேட்டால் ஒருதலைப்பட்சமாகிவிடுமே என்று நாலு பேரிடம் கேட்பார். நாலு பேரும் நாலு விதமாகச் சொன்னால், யார் மனமும் நோகாதபடி நாலையும் கொஞ்சம் கொஞ்சம் செய்துவைப்பார். அவர் வீட்டு முன்னறையில் நாலு சுவரும் நாலு நிறம். புதிதாக வருகிறவர்கள் அதை நவீன ரசனை என்று பாராட்டிவிட்டுப் போவார்கள். அவரும் மறுக்கமாட்டார்.

இப்படிப்பட்ட மனிதருக்கு எப்படிக் கல்யாணம் நடந்தது என்றால், அந்தம்மா அவரிடம் எதையும் கேட்கவில்லை, சொல்லிவிட்டார். அவ்வளவுதான்.

மனைவி லேப் டெக்னீஷியன். நாளெல்லாம் ரத்தத்தோடும் சிறுநீரோடும் பழகியதால் பேச்சும் ரிப்போர்ட் மாதிரியே இருக்கும். இருக்கு, இல்லை, இரண்டே பதில். மலைமேல் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில் அவரைத் தற்காலிகமாக எடுத்திருந்தார்கள். குளிர்காலம் முடியும்வரை பார்ப்போம், பிறகு நிரந்தரம் என்று பேச்சு. கொடுத்தது காலை முதல் ஷிஃப்ட். வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் விடியுமுன்பே வரிசையில் உட்கார்ந்து, வரப்போகும் காபியை நினைத்துக்கொண்டு லேப் கதவையே முறைத்துக்கொண்டிருப்பார்கள். அந்தக் கதவு ஒரு நிமிஷம் தாமதமாகத் திறந்தால் என்ன ஆகும் என்பதை லேப் இன்சார்ஜ் அம்மா முதல் நாளே விளக்கியிருந்தார். “இந்த வேலைக்கு வெளியில ஆள் நிக்குது. திறமை எல்லாருக்கும் இருக்கு. நேரத்துக்கு வர்றவங்கதான் இல்ல.”

அந்த நேரத்துக்கு மலைமேல் போகப் பஸ் கிடையாது. இருந்தது கேட்டுச்சொல்றேனின் கார்தான்.

கார் என்று சொன்னால் கார். மூன்று பேர் ஓட்டி அலுத்து, நாலாவதாக இவரிடம் வந்து சேர்ந்தது. வண்டியோடு கம்பெனி கொடுத்த புத்தகம் முதல் ஓனரோடு போய்விட்டது. எஞ்சின் மேல் ஆயில் ஊற்றும் மூடியில் எந்த ஆயில் என்று அச்சடித்திருப்பார்கள் அல்லவா, அந்த மூடி எங்கோ உருண்டு போய், இரண்டாவது ஓனர் வேறு ஏதோ வண்டியின் மூடியை வைத்துத் திருகியிருந்தார். ஆக, தான் என்ன குடிக்க வேண்டும் என்பதைச் சொல்ல அந்தக் காருக்கு வாயே இல்லை. வாய் இருந்தவர்கள் சுற்றிலும் ஏராளம்.

முதல் வாய் மெக்கானிக்குடையது. “பழைய எஞ்சின் சார் இது. உள்ள எல்லாம் தேஞ்சு இடைவெளி விழுந்துருக்கும். கெட்டி ஆயிலா ஊத்தினாத்தான் அடங்கும். இருபது டபிள்யூ ஐம்பது. கண்ண மூடிட்டு ஊத்துங்க.” கண்ணை மூடிக்கொண்டுதான் ஊற்றினார்கள். கோடைக்காலம் அது. எஞ்சினில் இருந்த கடகடப்பு அப்படியே அமுங்கிப்போயிற்று. பல் இல்லாதவர் வாயை மூடிக்கொண்டதும் அழகாகத் தெரிவது மாதிரி வண்டி அமைதியாக நின்றது. “கேக்குதா? கேக்காது. அதான் ஆயில்,” என்றார் மெக்கானிக். தேய்மானம் குணமாகிவிட்டது என்று கேட்டுச்சொல்றேனும் நம்பினார். சத்தம் போனால் நோய் போயிற்று என்று நினைப்பதில் அவர் ஒன்றும் தனி ஆள் இல்லை.

குளிர் வந்தது. சாவியைத் திருப்பினால், வயிற்றுவலிக்காரர் போர்வைக்குள் புரண்டு படுப்பது மாதிரி எஞ்சின் ‘ஊ... ஊ...’ என்று முனகியது. பிறகு போனால் போகிறது என்று கிளம்பியது. கிளம்பியதும் எஞ்சினின் மேல்பக்கம் தட்டுமுட்டுச் சாமான்களைக் கொட்டியது மாதிரி ஒரு சத்தம். ஆயில் கீழிருந்து மேலே ஏறிச் சேரும்வரை அந்தக் கச்சேரி நடக்கும். மனைவி பக்கத்து சீட்டில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கடிகாரத்தையும் பார்க்காமல், புருஷனையும் பார்க்காமல் நேராகப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை மனைவியின் தம்பி வந்தான். புதுக்கார் வாங்கியிருந்தான். அதனால் எல்லாக் கார்களையும் பற்றிப் பேசும் உரிமை அவனுக்கு வந்துவிட்டிருந்தது. சாயங்காலமெல்லாம் போனில் வீடியோ பார்த்துச் சேர்த்த அறிவு வேறு.

“என்ன மாமா, இருபது டபிள்யூ ஐம்பதா? அது ஆயில் இல்ல மாமா, தார். ரோடு போட வெச்சிருந்தத உங்களுக்கு ஊத்திட்டாங்க.”

“மெக்கானிக் அண்ணன்தான் சொன்னாரு மாப்ள...”

“அவரு சைக்கிளுக்கும் அதத்தான் ஊத்துவாரு. இப்பல்லாம் ஜீரோ டபிள்யூ இருபது. தண்ணி மாதிரி இருக்கும். சாவியத் தொட்டாப் போதும், வண்டி ஸ்டார்ட் ஆயிருக்கும். பெட்ரோலும் மிச்சம்.”

“அது புது வண்டிக்கு இல்லையா?”

“ஆயிலுக்குத் தெரியுமா மாமா, வண்டி புதுசா பழசான்னு?”

ஆயிலுக்குத் தெரியாதுதான். எஞ்சினுக்குத் தெரியும் என்று அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றவில்லை. இந்த மாதிரி பதில்கள் அவருக்கு மறுநாள் குளிக்கும்போதுதான் தோன்றும்.

மைத்துனன் சொன்ன ஆயில் போய்ச் சேர்ந்தது. மறுநாள் காலை வண்டி துள்ளிக்கொண்டு கிளம்பியதைப் பார்த்து மனைவிகூட “ம்” என்றார். அந்த வீட்டில் அது பாராட்டுப் பத்திரம். ஆனால் மலை ஏறி, எஞ்சின் நன்றாகச் சூடேறி, ஆஸ்பத்திரி வாசலில் மற்ற வண்டிகளுக்குப் பின்னால் நின்றபோது, முன்பலகையில் எண்ணெய்க் குடுவைப் படம் போட்ட சிவப்பு விளக்கு கண்ணடித்தது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் அணையும், காலை எடுத்தால் எரியும். தேய்ந்துபோன இடைவெளிகளில் தண்ணீர் மாதிரி ஆயில் வழுக்கிக்கொண்டு ஓட, அழுத்தம் எங்கிருந்து வரும்? போதாததற்கு, வண்டி நின்ற இடத்தில் தரையில் கறுப்பாகச் சொட்டு. பழைய ரப்பர் சீல்கள் கெட்டி ஆயிலுக்கு வழிவிடாமல் தாக்குப்பிடித்தவை, இதற்கு மரியாதையாகக் கதவு திறந்துவிட்டிருந்தன. ஆஸ்பத்திரிக் காவலாளி வந்து பார்த்து, “சார், உங்க வண்டிக்குத்தான் முதல்ல அட்மிஷன் போடணும் போல,” என்றார்.

சாயங்காலம் எதிர்வீட்டுக்காரர் தன் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். கப்பலில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். கடல் ஓய்ந்துவிட்டாலும் அவர் குரல் ஓயவில்லை. பக்கத்தில் நிற்பவரிடம் பேசுவதற்கும் எஞ்சின் அறைச் சத்தத்தை மிஞ்சித்தான் பேசுவார்.

“என்ன தம்பி, கீழே படுத்துக்கிட்டு?”

“ஆயில் சொட்டுது சார். சிவப்பு லைட் வேற எரியுது.”

“மெல்லிசு ஆயில் ஊத்தினா சொட்டாம என்ன செய்யும்? எங்க கப்பல்ல ஒரு எஞ்சின் இந்தத் தெரு அகலம் இருக்கும். ஏணி வெச்சு ஏறித்தான் பாக்கணும். ஒரு நாள் சொட்டினதில்ல. அந்த மெக்கானிக் கொடுத்த கெட்டி ஆயில் மீதி இருக்கா? குறைஞ்ச அளவுக்கு அத மேல ஊத்து. கூடவே ஆயிலக் கெட்டிப்படுத்துற மருந்து டப்பா ஒண்ணு விக்கிறான், அதயும் விடு. லைட்டு வாயை மூடிக்கும்.”

தெரு அகல எஞ்சினுக்கும் இந்தத் தையல் மிஷின் அளவு எஞ்சினுக்கும் என்ன உறவு என்று வேறு யாராக இருந்தாலும் கேட்டிருப்பார்கள். கேட்டுச்சொல்றேனோ உள்ளுக்குள் குளிர்ந்துபோனார். மெக்கானிக் சொன்னதும் உள்ளே இருக்கும், மைத்துனன் சொன்னதும் இருக்கும், எதிர்வீட்டார் சொன்னதும் இருக்கும். யாரையும் பகைத்துக்கொள்ளாத எஞ்சின். மீதி கெட்டி ஆயிலை ஊற்றினார், டப்பாவையும் கவிழ்த்தார். ஆயில் அளவு பார்க்கும் குச்சியை எடுத்துப் பார்த்தபோது அதில் ஒட்டியிருந்தது ஆயிலா பாகா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது. ஆனாலும் சிவப்பு விளக்கு அணைந்துவிட்டது. எதிர்வீட்டார் தன் கேட்டைச் சாத்திக்கொண்டு வெற்றியோடு உள்ளே போனார்.

அந்த வாரத்திலேயே குளிர் இன்னும் இறுகியது. ஒருநாள் விடியற்காலையில் சாவியைத் திருப்பினார். ‘ஊ’ என்றது. மறுபடி திருப்பினார். ‘ஊ’வின் பாதிதான் வந்தது. அப்புறம் அதுவும் இல்லை. ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு நாக்குத் தள்ளிவிட்டது. உள்ளே இருந்த பாகைக் கிண்டுவதற்கு அதற்குச் சக்தி போதவில்லை.

மனைவி கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். தெருமுனையில் பேக்கரிக்காரரின் ரொட்டி வண்டி மலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. கைகாட்டி நிறுத்தி, ரொட்டித் தட்டுகளுக்கு நடுவே ஏறி உட்கார்ந்துகொண்டு போனார். போனவர் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தார். ரொட்டி வண்டி வழியில் கடைக்குக் கடை நிற்குமே. மதியம் வீட்டுக்கு வந்தவரின் துப்பட்டாவில் ரொட்டி வாசம் வந்தது. முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கவில்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

“இன்சார்ஜ் அம்மா என்ன சொன்னாங்க?”

“முதல் தடவைங்கறதால விடறாங்களாம். ரெண்டாவது தடவைன்னு ஒண்ணு கிடையாதாம். வெறும் வயிறா உக்காந்திருந்த ஒரு பெரியவர் என்னப் பாத்த பார்வை இருக்கே, ஊசிய நான் அவருக்குப் போடணுமா அவர் எனக்குப் போடணுமான்னு ஆயிடுச்சு.”

“நாளைக்கே மெக்கானிக்கிட்ட கேட்டு...”

“ஏங்க, ஒண்ணு சொல்லுங்க. லேபுக்கு வர்ற ரத்தத்த நாலு பேருகிட்டக் காட்டி, உங்களுக்கு என்ன தோணுதுன்னு கேட்டா நான் ரிப்போர்ட் எழுதுறேன்?”

“அது வேற...”

“என்ன வேற? இதுவும் ஓடற சமாச்சாரம், அதுவும் ஓடற சமாச்சாரம். எடுத்துட்டு வாங்க, உங்ககிட்ட இருக்கிற ஆயிலையெல்லாம்.”

இருந்தவை இரண்டு. மெக்கானிக்கின் கெட்டியில் கேனின் அடியில் கொஞ்சம், மைத்துனனின் மெல்லிசில் கொஞ்சம். மனைவி இரண்டையும் பார்த்துவிட்டு, “இந்த ரெண்டுக்கும் நடுவுல உலகத்துல ஒண்ணுமே இல்லையா?” என்று கேட்டார்.

இருந்தது. ஆயில் கடையின் நடு அலமாரியில், ‘பத்து டபிள்யூ நாற்பது’ என்று எழுதிய கேன்கள் தூசி படிந்து நின்றன. அவர் எத்தனையோ முறை அந்த அலமாரியைத் தாண்டிப் போயிருக்கிறார். யாரும் அதைச் சொல்லாததால் அது அவர் கண்ணில் பட்டதே இல்லை. வாங்கிக்கொண்டு, பஸ் நிறுத்தத்தில் நின்றபடி வாழ்க்கையில் முதல்முறையாக ஓர் ஆயில் கேனின் முதுகைப் படித்தார். ஊரார் வீட்டுப் பத்திரங்களை வரிவரியாகப் படித்துப் பிழை கண்டுபிடிக்கும் மனிதர், தன் வண்டிக்குள் போவதைப் படித்ததில்லை. டபிள்யூவுக்கு முன்னால் இருக்கும் எண் குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்பதற்கு, சின்ன எண்ணாக இருந்தால் குளிரிலும் சுலபமாக ஓடும். பின்னால் இருக்கும் எண் எஞ்சின் சூடேறிய பிறகு எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்கு, பெரிய எண்ணாக இருந்தால் கெட்டி அதிகம். ஆக ஒரே ஆயிலுக்கு இரண்டு ஷிஃப்ட். இத்தனை நாளும் நடந்த சண்டையில் மெக்கானிக் பகல் ஷிஃப்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார், மைத்துனன் காலை ஷிஃப்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். எதிர்வீட்டார் கடலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

படுக்கப் போகுமுன் மனைவி மூன்று சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் மூன்று ஆயிலையும் விட்டு, மேலே ஒட்டுக் காகிதத்தில் பெயர் எழுதி, ஜன்னலுக்கு வெளியே வைத்தார். பேஷண்டுகளுக்குச் செய்கிற அதே மரியாதை. விடியற்காலையில் எடுத்து மூன்றையும் ஒன்றாகச் சாய்த்தார். மைத்துனன் ஆயில் ஓடிவந்து மூடியைத் தொட்டது. நடு அலமாரி ஆயில் கொஞ்சம் யோசித்துவிட்டு அதுவும் வந்துவிட்டது. மெக்கானிக் ஆயில் இடத்தைவிட்டு நகர மனமில்லாமல், ஓய்வுபெறாத மேலதிகாரி மாதிரி அப்படியே உட்கார்ந்திருந்தது.

“இத ஊத்தித்தான் என்ன நேரத்துக்கு வேலையில விடலாம்னு இருந்தீங்களா?”

அன்று அவர் மைத்துனனைக் கெஞ்சி, அவன் புதுக்காரில் மனைவியை அனுப்பியிருந்தார். மதியம் வந்ததும் இரண்டாம் கட்டம். அடுப்பில் கொதிக்கிற தண்ணீர்ப் பாத்திரத்தில் குப்பிகளை நிறுத்தி, சூடேறியதும் துணியால் பிடித்துச் சாய்த்தார்கள். இப்போது மைத்துனன் ஆயில் கண்ணாடியில் ஒட்டாமல் தண்ணீராய் ஓடியது. நடு அலமாரி ஆயில் சுவரில் ஒரு பூச்சு விட்டுவிட்டு நிதானமாக இறங்கியது.

“காலையில ஓடணும், மதியம் நிக்கணும். ரெண்டும் செய்யறது இது ஒண்ணுதான்,” என்றார் மனைவி. “ரிப்போர்ட் சொல்லிட்டேன். மாத்தறது உங்க பொறுப்பு. எனக்கு நாளைக்கு வண்டி வேணும்.”

மைத்துனன் நாளைக்கு ஊரில் இல்லை. ரொட்டி வண்டியை இன்னொரு முறை நம்ப முடியாது. ஆயில் தவறிப்போனால் இந்த வீட்டிலிருந்து ஒரு வேலை போகும். கேட்டுச்சொல்றேன் கேனை எடுத்துக்கொண்டு, வண்டியைப் பக்கத்து வீட்டுக் காரின் பேட்டரியிலிருந்து ஒயர் போட்டுக் கிளப்பி, மெக்கானிக் கடைக்குப் போனார்.

கடையில் எதிர்வீட்டார் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். அவர் ஸ்கூட்டருக்குப் பஞ்சர். ஊருக்குக் கிளம்புகிற மைத்துனன் டயருக்குக் காற்றுப் பிடிக்க வந்திருந்தான். மூன்று வைத்தியர்களும் ஒரே கூரையின் கீழ். இதைவிடக் கெட்ட நேரம் அமையாது.

“உள்ள இருக்கிறது எல்லாத்தையும் இறக்கிடுங்க அண்ணே. ஃபில்டரும் புதுசு போட்டுருங்க. இத ஊத்துங்க.”

மெக்கானிக் கேனைத் திருப்பிப் பார்த்தார். “பத்து டபிள்யூ நாப்பதா? யாரு சார் சொன்னது?”

“இருபதுல நிக்க வேண்டியத நாப்பதுக்குக் கொண்டுபோறீங்களே மாமா. மைலேஜ் போயிரும்.”

“தம்பி, ஐம்பதுல இருந்து இறங்காத. சிவப்பு லைட்டு எரிஞ்சா எங்கிட்ட வந்து நிக்கக் கூடாது.”

“சத்தம் வரும் சார். இப்ப அமுங்கிக் கிடக்கிறதெல்லாம் வெளிய கேக்கும். அப்புறம் என்னக் குத்தம் சொல்லக் கூடாது. யாரு சொன்னதுன்னு சொல்லுங்க, நான் அவரோட பேசிக்கிறேன்.”

மூன்று பேரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். வழக்கமாக இந்த இடத்தில் ஒரு பெயர் வரும். அந்தப் பெயரைப் பிடித்துக் கிழிப்பதற்கு மூவரும் தயாராக இருந்தார்கள். மனைவி பெயரைச் சொல்லிவிடலாம். உண்மையும்கூட. ஆனால் மாத்தறது உங்க பொறுப்பு என்று அந்தம்மா கழற்றிவிட்டிருந்தார்.

“நான்தான் சொல்றேன். ஊத்துங்க.”

மைத்துனன் காற்றுக்குழாயை டயரில் இருந்து எடுக்க மறந்து நின்றான். எதிர்வீட்டார் வாழ்க்கையில் முதல்முறையாகத் தணிந்த குரலில், “இவருக்கு உடம்பு சரியில்லையா?” என்று மெக்கானிக்கைக் கேட்டார்.

பழையது இறங்கியது. கெட்டி, மெல்லிசு, டப்பா மருந்து எல்லாம் சேர்ந்து தட்டில் விழுந்த அந்தக் கறுப்பைப் பார்த்து மெக்கானிக்கே முகம் சுளித்தார். அதில் தன் பங்கு எவ்வளவு என்று மட்டும் யாரும் பேசவில்லை. புதியது உள்ளே போனது. வண்டி கிளம்பியது. மெக்கானிக் சொன்னபடியே, அமுங்கியிருந்த கடகடப்பு லேசாகத் திரும்பி வந்தது.

“கேக்குதா?” என்றார் மெக்கானிக், கொஞ்சம் சந்தோஷமாகவே.

“கேக்குது,” என்றார் அவர். “வயசாயிடுச்சுல்ல. கேக்கத்தான் செய்யும்.”

மறுநாள் விடியற்காலையில் கண்ணாடியெல்லாம் பனி படர்ந்திருந்தது. அவர் சாவியைத் திருப்பினார். எஞ்சின் ஒரு முறை செருமிவிட்டு எழுந்துகொண்டது. மேலே தட்டுமுட்டுச் சத்தம் வந்த வேகத்தில் நின்றது. மலை ஏறினார்கள். ஆஸ்பத்திரி வாசலில் வண்டிகளுக்குப் பின்னால் நின்றபோது அவர் ரோட்டைப் பார்க்காமல் முன்பலகையையே பார்த்தார். சிவப்பு விளக்கு எரியவில்லை. மனைவி இறங்கும்போது, “போயிட்டு வரேன்,” என்றார். ரொம்ப நாளைக்கப்புறம் கதவை மெதுவாகச் சாத்தினார்.

குளிர்காலம் முழுக்க அப்படியே போனது. லேப் கதவு நேரத்துக்குத் திறந்தது, வெறும் வயிற்றுக்காரர்கள் நேரத்துக்குக் காபி குடித்தார்கள். ஆயில் அளவு குறைகிறதா என்று அவர் வாராவாரம் குச்சியை எடுத்துப் பார்த்தார். பழைய எஞ்சின் கொஞ்சம் குடிக்கத்தான் செய்தது. அதே ஆயிலை அதே அளவு ஊற்றினார், வேறெதையும் இல்லை. இதற்குள் தெருவில் கதை வேறு விதமாக உருண்டிருந்தது. தான் அடித்தளமாகக் கெட்டி ஆயில் போட்டு வைத்ததால்தான் எஞ்சின் தப்பியது என்று மெக்கானிக் சொல்லிக்கொண்டிருந்தார். மெல்லிசுப் பக்கம் திருப்பிவிட்டதே தான்தான் என்றான் மைத்துனன். எதிர்வீட்டார், தன் டப்பா உள்ளே எல்லாவற்றையும் கழுவிவிட்டது என்றார்.

இலைகள் துளிர்க்கத் தொடங்கிய ஒரு நாள் மனைவி ஒரு கவரை மேஜைமேல் வைத்தார்.

“நிரந்தரம் பண்ணிட்டாங்க.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். வண்டி காப்பாற்றிய வேலை. இல்லை, தான் காப்பாற்றிய வேலை. அதை எப்படிச் சொல்வது என்று அவர் தேடிக்கொண்டிருந்தபோது மனைவி மிச்சத்தையும் சொன்னார்.

“நிரந்தரமா இருக்கிறவங்களுக்கு ஆஸ்பத்திரி வேன் இருக்காம். திங்கக்கிழமையில இருந்து வாசலுக்கே வந்துடும். நீங்க பாவம், விடியுமுன்ன எழுந்திருக்க வேண்டாம்.”

திங்கட்கிழமை அவர் விடியுமுன் எழுந்துவிட்டார். மனைவி வாசலில் நிற்க, வெள்ளை வேன் முனகிக்கொண்டு வந்து நின்றது. டிரைவர் வண்டியை அணைத்துவிட்டு இறங்கி, கண்ணாடியை நிதானமாகத் துடைத்துவிட்டு வந்து மறுபடி கிளப்பியபோது எஞ்சின் மேலே சலசலவென்று ஒரு சத்தம் வந்து, கொஞ்ச நேரம் கழித்துத்தான் அடங்கியது. ஸ்வெட்டரோடு படியில் நின்றிருந்தவர் இறங்கி வந்து டிரைவர் ஜன்னலைத் தட்டினார்.

“காலையில கிளப்பும்போது சத்தம் வருதே, கெட்டி ஆயில் ஊத்தியிருக்காங்களா?”

“தெரியல சார். ஆபீஸ்ல ஊத்துவாங்க.”

“அவங்ககிட்டச் சொல்லுங்க. டபிள்யூவுக்கு முன்னால ஒரு நம்பர் இருக்கும் பாருங்க, அது காலைக்கு. பின்னால இருக்கிறது...”

உள்ளே ஏறி உட்கார்ந்திருந்த மனைவி, வெளியே பார்க்காமலே தன் பக்கத்துக் கண்ணாடியை மேலே ஏற்றினார்.

“அண்ணே, வண்டிய எடுங்க,” என்றார் டிரைவரிடம். “லேட்டாயிடும்.”